மணிக்கு 75 கிராம்: சைக்கிளில் சாப்பிடப் பழகிய குறிப்புகள்

கோவளத்துக்குச் சற்று முன்னால், 104ஆவது கிலோமீட்டரில் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. திருவான்மியூரில் விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கல்பாக்கம் வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். மொத்தம் 130 கி.மீ. மே மாதம், மணி ஒன்பது. கால் வலிக்கவில்லை, மூச்சும் வாங்கவில்லை. ஆனால் பெடலை மிதிக்க உடம்பில் எதுவும் மிச்சமில்லை. கை நடுங்கியது. சவுக்குத் தோப்பு ஓரமாகச் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கூட வந்த அண்ணன் முழு அயர்ன்மேன் என்ற டிரையத்லான் போட்டியை முடித்தவர். 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம், எல்லாம் ஒரே நாளில். அவர் பக்கத்தில் வந்து நின்று கேட்டது ஒன்றுதான்: "காலைலேர்ந்து என்ன சாப்பிட்டீங்க தம்பி?" நான் சொன்னேன். தன் பாட்டிலில் மிச்சமிருந்த குளுக்கோஸ் தண்ணீரைக் கொடுத்தார். இருபது நிமிடத்தில் எழுந்து ஓட்ட முடிந்தது. "கால் நல்லாத்தான் இருக்கு. வயித்துக்குத்தான் நீங்க எதுவும் குடுக்கலை" என்றார்.

அன்று மாலையே சமையலறைத் தராசை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். நாலரை மணி நேரத்தில் உள்ளே போனவை: நான்கு கடலை மிட்டாய், இரண்டு சிறிய வாழைப்பழம், இரண்டு இளநீர், நிறையத் தண்ணீர். நன்றாகச் சாப்பிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். 25 கிராம் கடலை மிட்டாயில் கார்போஹைட்ரேட் (சுருக்கமாகக் கார்ப்) சுமார் 13 கிராம்தான்; மீதியில் பெரும்பகுதி கடலையின் கொழுப்பும் புரதமும். இளநீர் ஒன்றுக்குப் பன்னிரண்டு கிராம் தேறும். வாழைப்பழம் பதினைந்து. கூட்டினால் 106 கிராம். மணிக்கு 24 கிராமுக்கும் கீழே.

செலவுப் பக்கத்தையும் பார்த்தேன். மிதிக்கும் சக்தியை அளக்கும் பவர் மீட்டரில் என் சராசரி 160 வாட். மணிக்கு 576 கிலோஜூல். மனித உடம்பு, எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால்பங்கைத்தான் பெடலுக்கு அனுப்புகிறது. ஒரு கலோரி ஏறக்குறைய நாலு கிலோஜூல். அதனால் கிலோஜூல் எண்ணையே கலோரி எண்ணாகவும் எடுத்துக்கொள்ளலாம். ஆக மணிக்கு 575 கலோரி. தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கும் சர்க்கரை இருப்பான கிளைகோஜன் 400 முதல் 500 கிராம், அதாவது 2000 கலோரிக்குள். கொழுப்பும் எரியும், ஆனால் மெதுவாக. வேகமாக மிதிக்கும்போது அது ஈடுகொடுக்காது. இருப்பு தீர்ந்த இடம்தான் கோவளம்.

நான் பழகிக்கொண்டிருந்ததும் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லானுக்குத்தான். அதில் சைக்கிளை சமையலறை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். நீந்தும்போது எதுவும் சாப்பிட முடியாது. ஓடும்போது வயிறு குலுங்கும், அதிகம் இறங்காது. உட்கார்ந்து, இரண்டு பாட்டிலும் ஒரு பையும் கைக்கு எட்டும்படி போகிற நேரம் சைக்கிள் மட்டும்தான். அங்கே போட்டதை வைத்துத்தான் ஓட வேண்டும்.

அடுத்த வாரம் நேர் எதிர்த் தவறைச் செய்தேன். கடையில் பிதுக்கி விழுங்கும் சர்க்கரைப் பாகான ஜெல் பாக்கெட்டுகள் வாங்கினேன். ஒன்றில் கார்ப் சுமார் 25 கிராம். மணிக்கு 90 கிராம் வரை உடம்பு எடுத்துக்கொள்ளும் என்று படித்திருந்தேன், அதனால் ஒரு மணி நேரத்தில் நான்கு. தண்ணீர் போதுமான அளவு குடிக்கவில்லை. மாமல்லபுரம் தாண்டுவதற்குள் வயிறு கல்லாகி, முறுக்கி, கடைசியில் வாந்தி. ஜெல்லைக் குற்றம் சொல்ல மாட்டேன். குடல் அந்த அளவுக்குப் பழகவில்லை. உழைப்பின்போது ரத்தம் காலுக்கும் தோலுக்கும் ஓடிவிடுவதால் வயிற்றுக்கு வருவதே கொஞ்சம். அதில் கெட்டியான சர்க்கரைப் பாகை ஊற்றினால், குடல் அதை நீர்க்கச் செய்ய உடம்பிலிருந்தே தண்ணீரை இழுக்கும்.

இதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். குளுக்கோஸ் குடலிலிருந்து ரத்தத்துக்குள் போக ஒரு வாசல் இருக்கிறது; அதன் வழியாக மணிக்கு 60 கிராம் அளவுக்குத்தான் போகும். ஃப்ரக்டோஸுக்கு வேறு வாசல். இரண்டையும் கலந்து கொடுத்தால் 90 வரை போகலாம். இரண்டு பங்கு குளுக்கோஸுக்கு ஒரு பங்கு ஃப்ரக்டோஸ் என்பது பலகாலமாகச் சொல்லப்படும் விகிதம். நம் வீட்டுச் சர்க்கரை பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். ஆக, சர்க்கரையோடு கொஞ்சம் குளுக்கோஸ் வகையைச் சேர்த்தால் விகிதம் தானாக வந்துவிடும். இது புரிந்த அன்று எனக்கு உண்டான சந்தோஷம் பெரிது. மளிகைக்கடைச் சாமான் போதும்!

பாட்டில்தான் முதல் வேலை. ஐந்து வாரம் மாற்றி மாற்றிக் கலந்து கடைசியில் நின்றது இது. 750 மி.லி. தண்ணீருக்குச் சர்க்கரை 50 கிராம், மால்டோடெக்ஸ்ட்ரின் 25 கிராம், உப்பு 2 கிராம், அரை எலுமிச்சம்பழச் சாறு. கணக்குப் பார்த்தால் குளுக்கோஸ் 50, ஃப்ரக்டோஸ் 25, மொத்தம் 75 கிராம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பாட்டில். மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது குளுக்கோஸ் சங்கிலிகளாகக் கோத்த மாவு, தித்திப்பு குறைவு. சங்கிலியாக இருப்பதால் தண்ணீரில் துகள்களின் எண்ணிக்கை குறைவு, வயிற்றைப் புரட்டுவதும் குறைவு. அது கிடைக்காவிட்டால் மருந்துக்கடைக் குளுக்கோஸ் பொடி போதும், கொஞ்சம் கூடுதலாகத் தித்திக்கும், அவ்வளவுதான். உப்பை மட்டும் கண்ணளவில் போடாதீர்கள். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் ஐந்தாறு கிராம் வரும். அதை அப்படியே போட்ட ஒரு பாட்டிலைப் பாதியில் கொட்டினேன். நகைத் தராசு மாதிரி சின்னதாக ஒன்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

2 கிராம் உப்பில் சோடியம் சுமார் 780 மில்லிகிராம். இது எனக்குப் போதுமா என்று பார்க்க வியர்வையை அளந்தேன். கிளம்பும் முன் வெறும் உடம்போடு எடை 68.4 கிலோ. இரண்டு மணி நேரம் ஓட்டி, ஒன்றரை லிட்டர் குடித்து, துடைத்துவிட்டு ஏறி நின்றால் 66.9. குறைந்தது ஒன்றரைக் கிலோ, குடித்தது ஒன்றரை லிட்டர். ஆக இரண்டு மணிக்கு மூன்று லிட்டர் வியர்வை. மேலே சொன்ன பாட்டிலோடு வெறும் தண்ணீர் கால் லிட்டர் சேர்த்தாலும் மணிக்கு ஒரு லிட்டர்தான் எனக்குத் தாங்குகிறது. மணிக்கு அரை லிட்டர் பற்றாக்குறை. கொஞ்சம் பற்றாக்குறையோடு சவாரியை முடிக்கலாம், தவறில்லை. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதுதான் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் தலைவலி, குழப்பம், மோசமானால் வலிப்பு வரை போகும். வியர்வையில் உப்பு ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும். என் கறுப்பு ஷார்ட்ஸில் மரக்காணம் உப்பளம் மாதிரி வெள்ளைக் கோடு விழுகிறது, அதனால் நான் கொஞ்சம் கூடுதலாகவே போடுகிறேன்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரைத்துக்கொண்டு வருபவர்களைப் பார்க்கிறேன். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். வயிற்றுப்போக்குக்காகச் செய்தது அது. உப்பு நிறைய, சக்தி குறைவு. அதை நம்பி நூறு கிலோமீட்டர் போகாதீர்கள். இளநீரும் அப்படித்தான். பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. முடித்த பிறகு குடிக்க அதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

ஐஸ் விஷயத்தில் ஒரு பாடம். வெயிலுக்காகக் கலந்த பாட்டிலை முழுக்க உறைய வைத்துக் கொண்டுபோனேன். முதல் மணி நேரம் பாகு மாதிரி தித்தித்தது. அப்புறம் வந்தது வெறும் தண்ணீர். உறைந்த சர்க்கரைக் கரைசல் உருகும்போது சர்க்கரை மிகுந்த பகுதிதான் முதலில் இறங்கும். இப்போது பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு வெறும் தண்ணீரை உறைய வைத்து, கிளம்பும்போது மீதிக் கலவையை மேலே ஊற்றுகிறேன். பனி உருகும்போது நீர்க்கும் என்பதால் கலவையைக் கொஞ்சம் குறைந்த தண்ணீரில் கரைக்க வேண்டும்.

நாலு மணி நேரத்துக்கு மேல் திரவம் மட்டும் என்றால் எனக்கு மனசு ஒப்பவில்லை. மெல்ல ஏதாவது வேண்டும். இங்கேதான் சமையல் தொடங்கியது.

வெளிநாட்டுச் சைக்கிள் அணிகளில் அரிசியைக் குழைய வேகவைத்து, அழுத்தி, துண்டு போட்டுப் பொட்டலம் கட்டித் தருகிறார்கள். படித்ததும் எனக்குத் தோன்றியது, இது நெய்யும் பருப்பும் இல்லாத சர்க்கரைப் பொங்கல்தானே? பச்சரிசி 200 கிராம், மூன்று மடங்குத் தண்ணீர், குக்கரில் ஐந்து விசில். வெல்லம் 80 கிராம் கரைத்து வடிகட்டி, குழைந்த சாதத்தோடு சேர்த்துச் சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிளறினேன். உப்பு 3 கிராம். தட்டில் கொட்டி, கரண்டியால் அழுத்தி, ஆறியதும் பத்துத் துண்டு. துண்டுக்கு 22 கிராம் கார்ப். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். "ஏண்டா, நெய் இல்லாம பொங்கலா? அதையும் காகிதத்துல கட்டிக்கிட்டுப் போறியா?" என்றாள். நெய் போட்டால் வயிற்றிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும் என்று விளக்கினேன். அவளுக்குத் திருப்தியில்லை. ஆனால் அடுத்த வாரம் அரிசியை இன்னும் கொஞ்சம் குழைய விட்டு, ஏலக்காய் தட்டிப்போட்டுச் செய்து கொடுத்தவள் அவள்தான். அது என்னுடையதைவிட நன்றாகப் பிடித்து நின்றது.

முதல் தடவை வெல்லப்பாகு சரியாகச் சுண்டாமல் துண்டுகள் கசிந்து, பை முழுக்கப் பிசுபிசுப்பு. இரண்டாம் தடவை வாட்டிய வாழை இலையில் கட்டினேன். மணம் பிரமாதம். ஆனால் குனிந்து முழங்கையை ஊன்றி ஓட்ட உதவும் ஏரோ பாரில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையாலும் பல்லாலும் அந்தக் கட்டைப் பிரிக்கப் போய்ச் சாலை நடுவில் தள்ளாடினேன். பின்னால் பேருந்து. அன்றோடு இலையை விட்டுவிட்டேன். இப்போது அலுமினியத் தாளில் சுற்றி, ஒரு முனையை மட்டும் கொம்பு மாதிரி முறுக்கி விடுகிறேன். பல்லால் கவ்வி இழுத்தால் திறந்துகொள்ளும். உணவு எதுவானாலும் ஒற்றைக் கையால், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பிரிக்க முடிகிறதா என்று வீட்டிலேயே செய்து பாருங்கள்.

ஜெல்லுக்கு மாற்று தேடியபோது பழனிப் பஞ்சாமிர்தம் நினைவுக்கு வந்தது. வாழைப்பழம், வெல்லம், தேன், பேரீச்சை, கற்கண்டு. நெய்யும் ஏலக்காயும் தவிர மற்றதெல்லாம் சர்க்கரைதான், அதுவும் கலப்புச் சர்க்கரை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பிரசாதம். அதைச் சைக்கிள் பையில் அடைக்க எனக்கு விருப்பமில்லை, அதன் வழியில் வேறொன்று செய்தேன். நன்றாகக் கனிந்த பழம் 200 கிராம், வெல்லப்பாகு 100 கிராம் வெல்லத்துக்கு, விதை நீக்கிய பேரீச்சை 50 கிராம், எல்லாம் மிக்ஸியில். எடையில் பாதி கார்ப். அழுத்தினால் பிதுங்கும் ரப்பர் குடுவையில் 160 கிராம் நிரப்பினால் 80 கிராம் கார்ப் கையில். பேரீச்சைத் தோல் குடுவை மூக்கை இரண்டு முறை அடைத்தது, அதனால் அதை நீக்கிவிட்டு வடிகட்டினேன். முந்தின நாள் மாலை அரைத்து மேசை மேலேயே வைத்துவிட்ட ஒரு நாள், காலையில் மூடியைத் திருகினால் புஸ்ஸென்று நுரைத்தது. குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், அன்றன்றைக்கு அரைத்தால் இன்னும் நல்லது.

கடலை மிட்டாயை நான் கைவிடவில்லை. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் எனக்கு உயிர். மெதுவாகப் போகும் நீண்ட சவாரியில் முதல் இரண்டு மணி நேரத்தில் ஒன்றிரண்டு கடிக்கலாம். போட்டி வேகத்தில் வேண்டாம்; கொழுப்பும் நாரும் வயிற்றிலேயே உட்கார்ந்திருக்கும், மெல்ல மெல்ல வாயும் காயும்.

மூன்றாம் மணி நேரத்துக்குப் பிறகு எல்லாமே திகட்டிவிடும். திகட்டினால் கை பாட்டிலுக்குப் போகாது, அப்புறம் கோவளம்தான். இதற்கு மருந்து உப்பு நெல்லிக்காய். விதை நீக்கிக் கீறி, உப்பில் ஊறியதை நாலு துண்டு சின்னப் பையில் வைத்துக்கொள்கிறேன். வாயில் ஒதுக்கிக்கொண்டால் நாக்கு துலங்கும். அதற்குப் பிறகு குடிக்கும் தண்ணீரும் இனிக்கும். குட்டி இட்லியையும் முயன்றேன். உப்பும் புளிப்புமாக முதல் கடி அருமை, ஆனால் காய்ந்த வாயில் பொடி ஒட்டி இருமல் வந்தது. பொடியில்லாமல், துளி எண்ணெயும் உப்பும் தடவி இரண்டு என்றால் சரி.

வயிற்றைப் பழக்கத்தான் அதிக நாள் பிடித்தது. மணிக்கு 30 கிராமில் தொடங்கி, வாரத்துக்கு ஆறேழு கிராமாக ஏற்றி, எட்டு வாரத்தில் 75. வாரம் ஒரு சவாரியாவது போட்டி வேகத்தில். கடிகாரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை அதிரும். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் கால் பாட்டில் குடிப்பேன், அல்லது ஒரு துண்டு தின்று தண்ணீர் குடிப்பேன். பசிக்கும்வரை காத்திருந்தால் அரை மணி தாமதம் ஆகிவிட்டது என்று பொருள். ஐந்தாம் வாரம் 60 கிராமில் வயிறு உப்பி நின்றது, ஒரு வாரம் அங்கேயே நின்று பிறகு ஏற்றினேன். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தக் கணக்குகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், தங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து போட வேண்டும்.

பாட்டில் மூக்கைத் தினமும் கழற்றிக் கழுவுங்கள். சர்க்கரை தங்கிய இடத்தில் கறுப்புப் பூஞ்சை பிடித்திருந்ததை நான் மூன்றாம் வாரம்தான் பார்த்தேன். ஒரு நாள் வயிற்றுவலிக்குக் காரணம் அதுவாகவும் இருந்திருக்கலாம்.

கோவாவில் மிராமர் கடற்கரையில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 தான் என் போட்டி. 2019இல் தொடங்கியது. 1.9 கி.மீ. கடல் நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். பொடிகளைப் பாட்டில் வாரியாக எடைபோட்டு, பைகளில் அடைத்து, மேலே எழுதிக் கொண்டுபோனேன். சைக்கிளை முந்தின நாளே ஒப்படைக்க வேண்டும், பாட்டில்களை மட்டும் அன்று காலை வைத்தேன். மூன்று மணி நேரம் முன்பாக நான்கு இட்லி, தேன், காபி.

என் திட்டம், முன் பாட்டிலில் வழக்கமான 75 கிராம், பின் பாட்டிலில் இரு மடங்கு கெட்டியாக 150 கிராம். வழியில் தண்ணீரும் பழமும் தரும் எய்ட் ஸ்டேஷனில் வாங்கும் தண்ணீரோடு அதைச் சேர்த்துக் குடிப்பது. சைக்கிள் சட்டத்தின் மேல் குழாயில் கட்டிய பையில் இரண்டு அரிசித் துண்டும் பழக் குடுவையும். "எல்லாத்தையும் ஒரே பாட்டில்ல வைக்காதீங்க தம்பி" என்று அண்ணன் சொல்லியிருந்ததால்தான் அந்தக் குடுவை.

நீச்சலில் உப்புத் தண்ணீர் கொஞ்சம் உள்ளே போய்விட்டது. அதனால் முதல் பதினைந்து நிமிடம் வெறும் தண்ணீரை மட்டும் சிறுகச் சிறுகக் குடித்தேன். பிறகு முன் பாட்டில், ஒழுங்காக. ஏறக்குறைய 40ஆவது கிலோமீட்டரில் ஒரு மேட்டில் சைக்கிள் தூக்கிப்போட்டது, பின்னால் சத்தம். திரும்பிப் பார்த்தால் கெட்டி பாட்டில் சாலையில் உருண்டு போகிறது. அதிலிருந்து சில மடக்குதான் குடித்திருந்தேன். பின்னால் வேகமாக ஆட்கள், நிற்பது ஆபத்து. ஒரு நிமிடம் மனசு கலங்கிவிட்டது உண்மைதான்.

மேல் பையைத் தொட்டுப் பார்த்தேன். குடுவை 80, இரண்டு துண்டு 44. எய்ட் ஸ்டேஷனில் ஒரு வாழைப்பழம் எடுத்தால் 20. குடித்து முடித்த முன் பாட்டில் 75. கூட்டினால் 219. மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, மணிக்கு 68 கிராம். சரி, போதும். அடுத்த எய்ட் ஸ்டேஷனில் பழமும் தண்ணீரும் வாங்கி, காலித் தாள்களை அங்கேயே குப்பைக்கான இடத்தில் போட்டேன். அந்த எல்லைக்கு வெளியே போட்டால் தண்டனை உண்டு. இரண்டாவது துண்டு தொண்டையில் இறங்க மறுத்தபோது நெல்லிக்காய் கைகொடுத்தது. கடைசி இருபது நிமிடம் தண்ணீர் மட்டும்.

ஓட்டத்தில் முதல் இரண்டு கிலோமீட்டர் கால் மரக்கட்டை. அது எப்போதும் இருப்பதுதான். வயிறு பேசவே இல்லை. வெயில் உச்சந்தலையில், நடந்தவர்கள் பலர். நான் ஒவ்வொரு எய்ட் ஸ்டேஷனிலும் இரண்டு மடக்கு குடித்து ஓடிக்கொண்டே இருந்தேன். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். நேரத்தைக் கேட்கவில்லை. "அரிசித் துண்டு உடையாம இருந்துச்சா?" என்றுதான் கேட்டாள்.

பின் பாட்டிலுக்கு இப்போது இறுக்கமான கேஜ் (பாட்டிலைப் பிடித்து நிற்கும் கூடு) மாற்றி, மேலே ஒரு ரப்பர் பட்டையும் போட்டிருக்கிறேன். கெட்டிக் கரைசலைப் பின்னால் வைப்பதில்லை. அது முன்னால், கண்ணெதிரே. அடுத்த இலக்கு 180 கி.மீ., ஆறரை மணி நேரம், கிட்டத்தட்ட 490 கிராம். வரும் ஞாயிறு கடப்பாக்கம் வரை போய்த் திரும்பலாம் என்று அண்ணனும் நானும் பேசியிருக்கிறோம். துண்டில் வெல்லத்தைக் குறைத்து, உப்பைக் கூட்டி, மூன்று துண்டில் மட்டும் மிளகு தட்டிப்போட்டுப் பார்க்கப் போகிறேன். அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது.